மச்சான் கிணறும் என் ஐயாயிரம் லிட்டர் தொட்டியும்

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கடைசி பாதி வருஷம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வில்லியனூரைத் தாண்டி இருக்கிற என் பட்டறைக்கு, பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "ஐயா, இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். தகட்டைத் தட்டிப் பார்த்தே மூன்று மில்லி கனமா நான்கு மில்லி கனமா என்று சொல்வேன். ஒரு தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தால் போதும், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் விட்டு அளந்து பார்த்தால் ஒரு குடம் கூட இருக்கும், அல்லது ஒரு குடம் குறைய இருக்கும். அதற்கு மேல் தப்பியதில்லை. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் என் கைபட்ட தொட்டி இல்லாத கம்பெனியை எண்ணிவிடலாம்.

அப்படிப்பட்ட நான்தான் என் மச்சானுடைய கிணற்றைக் கெடுத்தேன். கம்பெனிக்காரர் கெடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுத வேண்டியவன் நான்.

மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். சுத்துக்கேணிப் பக்கம் இரண்டு காணி நிலம், வயலிலேயே வீடு, இரண்டு கறவை மாடு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிணறு. பயிருக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான், அவர் வீட்டுச் சோற்றுக்கும் அதுதான். நல்ல தண்ணீர். பருப்பு வேகிற தண்ணீர். என் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போனால் திரும்பும்போது ஒரு கேன் பிடித்துக்கொண்டு வருவாள்.

அவர் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனி வந்தது. பிளைவுட் ஒட்டுகிற பசை செய்கிற கம்பெனி. முதலாளி திருக்கனூர்க் கடைத்தெருவில் தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் பொறுக்க மாட்டார். பசைக்குப் பார்மலின் வேண்டும். பிணம் கெடாமல் இருக்க ஊற்றுவார்களே, அதே பார்மலின். கொஞ்சம் காற்றில் வந்தாலே கண் எரியும். பசை காய்ச்சுகிற பாத்திரத்தைக் கழுவின தண்ணீர் முழுக்க அதன் நெடி. அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட முடியாது. ஒரு தொட்டிக்குள் விட்டு, மருந்து சேர்த்து, கலக்கிக்கொண்டே இருந்தால் பார்மலின் முறிந்துபோகும். அந்தத் தொட்டிக்கு ரியாக்டர் என்று பெயர். முறிகிற அளவுக்குக் கன்வர்ஷன் என்று பெயர். நூறு பங்கு உள்ளே போனால் தொண்ணூற்றைந்து பங்கு முறிந்த பிறகுதான் வெளியே விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கம்பெனிக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாய்க்கால் மச்சான் கிணற்றிலிருந்து பதினைந்து தப்படி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பியும் போடவில்லை. மூன்றாவது தடவை நான் போனேன்.

"தொட்டிய யாரு செய்யறாங்கன்னு தெரியுமா மச்சான்?" என்றேன்.

"யாரு?"

"உங்க எதுருல குந்திகினு கீறவன்தான்."

அவர் சிரித்துவிட்டார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாப்ள? வேற எவனாவது ஓட்டத் தொட்டி செஞ்சி வெச்சிடுவான்னு பாத்தேன்." மறுநாள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து கையெழுத்துப் போட்டார். எழுதியிருந்ததைப் படித்துப் பார்க்கக் கூட இல்லை. நான் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் படிக்கவில்லை.

நாலாயிரம் லிட்டர் தொட்டி செய்து வைத்தேன். தண்ணீர் மணிக்கு ஆயிரம் லிட்டர் வருகிறது. சோதனை ஓட்டம் என்று பத்து நாள் ஓட்டினார்கள். வெளியே வருகிற தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தார்ப்பாய் விரித்த குழியில் தேக்கினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்தார். கெமிக்கல் இன்ஜினியர். நாற்பது வயது இருக்கும். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் சோதித்து, எண்பதுதான் முறிகிறது, இருபது பங்கு அப்படியே வெளியே வருகிறது என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் தொட்டி பத்தவில்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"தொட்டிய பெருசு பண்ணிட்டாப் போச்சு" என்றேன்.

"எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போட்டு அனுப்பறேன் ஐயா. அவசரப்பட்டு எதுவும் செஞ்சிடாதீங்க."

"கணக்கா? எண்பது வந்துச்சு. தொண்ணூத்தஞ்சு வேணும். இன்னும் பதினஞ்சு. எண்பதுல பதினஞ்சுன்னா அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. நான் கால் பங்கே ஏத்தி ஐயாயிரமா வெச்சிடறேன்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அப்படி வராது ஐயா. கடைசி கொஞ்சம்தான் கஷ்டம்."

"அம்மா, நான் இதுவரைக்கும் எத்தனை கொப்பரை அடிச்சிருக்கேன் தெரியுமா?"

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முதலாளி என் பக்கம் நின்றார். அவருக்கு அடுக்கி வைத்த ஆர்டர். பொங்கலுக்குத் திறக்க வேண்டிய கம்பெனி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது.

கொப்பரை என்று சொன்னதைச் சொல்ல வேண்டும். நான் தொழில் கற்றது மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்பு ஊர்களில். வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை அடித்துத்தான் மேலே வந்தேன். அதில் கணக்கு நேர்க்கணக்கு. சாறு இரண்டு பங்கா, கொப்பரை இரண்டு பங்கு. கால் பங்கு கூடுதல் சாறா, கால் பங்கு பெரிய கொப்பரை. நாற்பது வருஷமாக அது என்னைக் கைவிட்டதில்லை. இன்னொரு பழக்கமும் அங்கே கற்றதுதான். புதுக் கொப்பரை அடுப்பேறுகிற அன்றைக்கே பழைய கொப்பரையை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். பழசு கண்ணெதிரே கவிழ்ந்து கிடந்தால் புதுசில் பாகு பதத்துக்கு வராது என்பார்கள். எடுத்து வந்த பழசை அன்று பொழுது சாய்வதற்குள் வெட்டித் துண்டாக்கிவிடுவோம். வேறு ஒருவன் அடுப்பில் அது ஏறக் கூடாது. என் பட்டறையில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். இரும்பு போய் எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் வந்தது, கரி அடுப்பு போய் ஆர்கான் வெல்டிங் வந்தது, அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. எனக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. பத்தாமல் போன என் வேலை ஒன்று எங்கேயும் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

ஒன்பதே நாளில் ஐயாயிரம் லிட்டர் தொட்டி முடித்தேன். கிரேனில் தூக்கி வைத்தோம். கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கலக்குகிற மோட்டாரைப் போட்டோம். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். நாலாயிரம் லிட்டர் தொட்டியை அதே கிரேனில் இறக்கி லாரியில் ஏற்றினேன்.

அன்று காலையில் என் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அந்த இன்ஜினியர் அம்மா அனுப்பியது. நோட்டுத் தாளில் எழுதிப் படம் பிடித்தது. மேலே நாலைந்து வரி ஆங்கிலம், கீழே எழுத்தும் எண்ணுமாகக் கணக்கு. எனக்கு ஆங்கிலம் தெரியாது. படித்துச் சொல்லப் பட்டறையில் ஆள் இல்லாமல் இல்லை, டிப்ளமோ படித்த வெல்டர் இருக்கிறார், வீட்டில் மருமகள் இருக்கிறாள். நான் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாரம்மா கணக்கு அனுப்பியிருக்கிறார் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பழைய தொட்டியை நானே கிரைண்டர் பிடித்து அறுத்தேன். ஆட்களிடம் கொடுக்கவில்லை.

மறுபடி சோதிக்க வேண்டும் என்று முதலாளி லேசாகச் சொன்னார். "என் தொட்டிக்கு இன்னொரு சோதனையா?" என்று கேட்டேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சே போய்விட்டது. தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மச்சான் போன் பண்ணினார்.

"மாப்ள, வாய்க்கா பக்கம் நெடி அடிக்குது."

"புதுத் தொட்டி மச்சான். கொஞ்ச நாளு அப்படித்தான் இருக்கும்."

"இல்ல, கண்ணு எரியுது. உன் தங்கச்சி புல்லறுக்கப் போயிட்டு மூக்கப் பொத்திகினு வந்துட்டா." அவர் மனைவியைத்தான் அப்படிச் சொன்னார். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று சாயங்காலமே போனேன். வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். கம்பெனி வேண்டாம் என்று மனு எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, சொம்பில் மொண்டு, எல்லாரும் பார்க்க அண்ணாந்து குடித்தேன். முழுச் சொம்பு.

"இன்னாடா ஆச்சி எனக்கு? செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன்.

ஒருத்தர், "தொட்டி செஞ்சவரே குடிக்கறாரு, அப்புறம் இன்னாப்பா" என்றார். மனுப் பேச்சு அதோடு நின்றது. அன்றைக்கு அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் குடித்த தண்ணீர் சுத்தமான தண்ணீர். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர்கள் குடித்த தண்ணீர் வேறு.

பங்குனி, சித்திரை. வாய்க்காலில் ஏரித் தண்ணீர் நின்றுபோய், கம்பெனித் தண்ணீர் மட்டும் ஓடியது. மண் வாய்க்கால், சிமெண்டு பூசியது இல்லை. ஓடுகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. மச்சான் கிணற்றிலோ பயிருக்காக மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்ததையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறது. தங்கச்சிக்குக் கைத் தோல் வெடித்தது, சோப்பு மாற்றினாள். குளித்தால் கண் எரிந்தது, வெயில் என்று நினைத்தாள். வயிறு எரிகிறது என்று டாக்டரிடம் போனாள், காரம் சாப்பிடாதே என்றார். ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்றைத் தள்ளியது. இதனால்தான் என்று எழுதித் தர முடியாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். சரிதான், நானும் எழுதித் தர முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

இதில் எதையும் மச்சான் எனக்குச் சொல்லவில்லை. ஊர் மத்தியில் சொம்புத் தண்ணீர் குடித்தவனிடம் போய் உன் தொட்டி சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று கூச்சம் அவருக்கு. பிறகு அவரே சொன்னார்.

வைகாசியில் ஒரு காலையில் கூப்பிட்டார். "வா மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

கிணற்றில் விரால் மீன் விட்டு வைத்திருந்தார். தண்ணீரில் பூச்சி வைக்காமல் இருக்க அந்தப் பக்கம் விடுவார்கள். ஏழெட்டு மீன். எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. முழங்கை நீளத்துக்கு ஒன்று இருந்தது, அதற்கு ஐந்து வயது என்றார் மச்சான். வாளியில் தண்ணீர் இறைத்து முகத்தருகே கொண்டுபோனேன். நெடி. லேசாகத்தான், ஆனால் அதே நெடி. சொம்பு பக்கத்தில் கம்பத்தில் மாட்டியிருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இன்ஜினியர் அம்மாவை நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து. அவர் கம்பெனியில் தண்ணீர் பிடித்தார், கிணற்றில் பிடித்தார். இரண்டு நாள் கழித்து என் பட்டறைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எண்பத்து மூணுதான் முறியுது ஐயா."

"ஐயாயிரம் லிட்டர் வெச்சுமா?"

"ஐயாயிரம் லிட்டருக்கு அவ்வளவுதான் வரும். அன்னைக்கே அனுப்பினேனே. பழைய தொட்டி எங்க? கம்பெனியில காணோம்."

"அறுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். "என் செய்தியைப் பார்க்கலையா?" என்றார். போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, நீங்களே படிங்க" என்றேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் படித்தார். 'பழைய தொட்டியை எடுக்க வேண்டாம். புதுத் தொட்டி என்ன அளவாக இருந்தாலும் அதைப் பழசுக்கு அடுத்து வைத்து, முதல் தொட்டியிலிருந்து வெளியே வருகிறதை இரண்டாவதற்குள் விடுங்கள்.' அவ்வளவுதான் அந்த நாலைந்து வரி.

"ரெண்டையும் வெச்சா இன்னா ஆயிருக்கும்?"

கீழே கிடந்த தகட்டில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தகட்டிலேயே எழுதினார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இன்றைக்கு வரை அப்படி எனக்கு யாரும் கணக்குச் சொன்னதில்லை.

"தண்ணி தொட்டிக்குள்ள எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு பாருங்க. மணிக்கு ஆயிரம் லிட்டர் வருது, தொட்டி நாலாயிரம். அப்ப நாலு மணி. இந்தப் பார்மலினுக்கு, இந்த மருந்துக்கு, அந்த நாலோட ஒண்ணு கூட்டுங்க. அஞ்சு. அஞ்சுல ஒரு பங்கு முறியாம மிச்சம் நிக்கும்."

"நூத்துல இருபது. சரி."

"ஐயாயிரத்துக்கு?"

நானே சொன்னேன். "அஞ்சு மணி. ஒண்ணு கூட்டினா ஆறு. ஆறுல ஒரு பங்கு."

"ஆமா. பதினாறு சொச்சம். இருபது பதினாறாச்சு, அவ்வளவுதான். இருபதுல ஒரு பங்காகணும்னா எத்தனை மணி வேணும்?"

"பத்தொன்பது." என் வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பத்தொன்பதாயிரம் லிட்டர். நாலாயிரத்துக்குப் பதிலாக. நான் கால் பங்கு ஏற்றி வைத்தேன்.

"ஏம்மா அப்படி? எண்பது வரைக்கும் நாலாயிரம் போதுது, மீதி பதினஞ்சுக்கு இன்னும் பதினஞ்சாயிரமா?"

"கலக்கிக்கிட்டே இருக்கற தொட்டி ஐயா. வெளிய எப்படித் தண்ணி வருதோ, உள்ள முழுக்க அதே தண்ணிதான். சுத்தமா வரணும்னா உள்ள பார்மலின் கொஞ்சமாத்தான் இருக்கணும். கொஞ்சமா இருந்தா மெதுவாத்தான் முறியும். மெதுவா முறிஞ்சா அத்தனை நேரம் நிக்கணும். அத்தனை பெரிய தொட்டி வேணும்."

எனக்கு ஆலைக்கொட்டாய் ஞாபகம் வந்தது. கரும்பை முதல் தடவை உருளையில் விட்டால் சாறு கொட்டும். அதே சக்கையை மறுபடி விட்டால் கொஞ்சம் வரும். மூன்றாம் தடவை மாடு அதே அளவு சுற்றும், சொட்டுத்தான் வரும். மீசை முளைக்கும் முன்பே எனக்குத் தெரிந்த விஷயம் இது. கொப்பரையின் கணக்கைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன், கொப்பரைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த ஆலையின் கணக்கைக் கொண்டுபோகவில்லை.

"ரெண்டும் அடுத்தடுத்து இருந்தா?" என்று மறுபடி கேட்டேன். தெரிந்துகொள்ளாமல் விட்டிருக்கலாம்.

"அப்ப பெருக்கணும் ஐயா. முதல் தொட்டியில அஞ்சுல ஒண்ணு மிச்சம். அந்த மிச்சத்துல ஆறுல ஒண்ணுதான் ரெண்டாவதுல மிச்சம். அஞ்சாறு முப்பது. முப்பதுல ஒரு பங்கு. தொண்ணூத்தாறுக்கு மேல முறிஞ்சிருக்கும்."

கம்பெனிக்குக் கேட்டிருந்த தொண்ணூற்றைந்தை விட அதிகம். நான் செய்த இரண்டு தொட்டிகள். என் கையால் செய்தவை, ஓட்டை இல்லாதவை, இரண்டும் நல்ல தொட்டிகள். நடுவில் இரண்டு அங்குலக் குழாய் ஒரு முழத்துக்குப் போட்டிருந்தால் போதும். அந்தக் குழாய் என் பட்டறை மூலையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது.

மறுநாள் மச்சான் வீட்டுக்குப் போனேன். முதலாளி முந்திக்கொண்டு போயிருந்தார். மருந்து போட்டவன் சரியில்லை, கலவை தப்பிவிட்டது என்று ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்குள் நானும் நுழைந்துகொண்டிருக்கலாம். மச்சான் நம்பவும் நம்பியிருந்தார்.

"உன் மேல தப்பு இல்லன்னு சொன்னாரு மாப்ள. மருந்து போடறவன்தான்."

"இல்ல மச்சான். தொட்டிதான் பத்தல. நான் கணக்கு தப்பாப் போட்டேன்."

"நீயா?"

"நான்தான்." பழைய தொட்டியை எடுத்ததைச் சொன்னேன். அதை அறுத்ததைச் சொன்னேன். போனில் வந்த செய்தியையும் சொன்னேன். தங்கச்சி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டாள். கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தாள்.

மச்சான் அந்தத் துணியைப் பார்த்தார். "ரெண்டும் இருந்திருந்தா கெணறு நின்னிருக்குமா?" என்றார்.

"நின்னிருக்கும்."

"ஒரு ஆள கூப்ட்டு படிக்கச் சொல்றதுக்கு இன்னாப்பா உனக்கு?"

தங்கச்சிதான் பேசினாள்.

"அண்ணே, நீ அன்னிக்கி குடிச்சிட்டுப் போனியே, அதுக்கு அடுத்த மாசம் தண்ணில லேசா வாசன வந்துச்சு. இவரு சொன்னாரு, அவரே குடிச்சாரு, நமக்கு இன்னாடி கேடுன்னு. நானும் குடிச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை மறுபடி செய்தேன். அதே தகடு, அதே அளவு. கம்பெனியை நிறுத்தி வைத்து, இருக்கிற ஐயாயிரத்துக்கு முன்னால் அதை வைத்து, நடுவில் குழாய் போட்டேன். கற்பூரம் கொளுத்தவில்லை. வெளியே வந்த தண்ணீரைக் குழியில்தான் தேக்க வேண்டும் என்றும், அந்த அம்மா சோதித்து எழுதிக் கொடுக்கிறவரை வாய்க்காலைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லி, நானே நின்று பார்த்துக்கொண்டேன். முதலாளி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். கணக்கு சொன்னபடியே வந்தது. ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் என் கண் அளவு சொல்லாத ஒன்றைச் சாக்பீஸ் சொன்னது. அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சம் இல்லை. இந்தப் பக்கத்தில் ரியாக்டர் செய்கிறவர்களில், வரிசையாக வைத்தால் பெருக்க வேண்டும் என்று தெரிந்தவன் இன்றைக்கு நான் ஒருத்தன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிணறு திரும்பவில்லை. மோட்டார் வைத்து மூன்று தடவை அடிவரை இறைத்தோம். முதல் இரண்டு நாள் சுத்தமாக ஊறும், மூன்றாம் நாள் நெடி வரும். மண்ணுக்குள் போனது மண்ணோடு இருக்கிறது. மழைக்காலம் போகட்டும், ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்கள் என்றார் இன்ஜினியர் அம்மா. மச்சானுக்கு எழுபது வயது. மாடு இரண்டையும் கொடுத்துவிட்டார். நிலத்தைத் தரிசாகப் போட்டார். குடிக்கத் தண்ணீர் தெருமுனையிலிருந்து கேனில் வருகிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் யாராவது மறந்துபோய் இறைத்துவிடுவார்கள் என்று தங்கச்சிக்குப் பயம். மூடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

மோட்டாரையும் குழாயையும் வெளியே எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். வேறு ஆள் வைத்திருக்கலாம். நான் ஒன்றும் கேட்காமல் சங்கிலிக் கப்பியோடு போனேன். குழாயை ஒவ்வொரு நீளமாக மேலே இழுத்துக் கழற்றினேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி வேலி ஓரமாக அடுக்கினார். டிராக்டர் ஏரி மண்ணோடு வந்து பின்னோக்கித் திரும்பி நின்றது.

"இப்ப எவ்ளோ முறியுது மாப்ள?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தாறுக்கு மேல."

"அப்ப மீதி?"

"முப்பதுல ஒரு பங்கு."

"அது?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது இதுலதான் போவுது மச்சான்."

அவரும் பார்த்தார். பிறகு டிராக்டர்காரரிடம், "கொட்டுப்பா" என்றார்.